புறத்தாரின் பொய்யும் அகத்தாரின் அறமும்: தமிழ் நகைச்சுவைத் திரைப்படங்களில் அந்நியர் நிலை

முன்னுரை

தமிழ்த் திரைப்படம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் திராவிட இயக்க அரசியல், நாயக வழிபாடு, சாதியச் சித்திரிப்பு ஆகியவற்றை மையமாகக் கொண்டே வளர்ந்துள்ளன. நகைச்சுவைத் திரைப்படம் பொழுதுபோக்கு என்ற அளவில் நின்றுவிடுவதாகக் கருதப்பட்டமையால், அது முன்வைக்கும் அற விழுமியங்கள் தனித்து ஆராயப்பட்டமை குறைவு. ஆயினும், ஒரு சமுதாயம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது, யாரோடு சேர்ந்து சிரிக்கிறது என்பன அச்சமுதாயம் தன் எல்லையை எங்கே வகுத்துக்கொள்கிறது என்பதைக் காட்டும் செய்திகளாகும். அறநூல் கூறும் நெறி, எல்லாரும் எவ்வாறு நடத்தல் வேண்டும் என்பதைச் சொல்கிறது. நகைச்சுவையோ அந்த ‘எல்லாரும்’ என்ற சொல்லுக்குள் யார் அடங்குவர், யார் அடங்கார் என்பதைச் சொல்லாமற் சொல்கிறது.

சாதியாலோ, தொழிலாலோ, சமயத்தாலோ, பேச்சாலோ, குடியுரிமையாலோ ஒரு வட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவரை இக்கட்டுரை ‘புறத்தார்’ என்ற சொல்லாற் குறிக்கிறது. அவ்வட்டத்துக்குள் இருந்து ஏற்கவோ மறுக்கவோ உரிமை பெற்றவர் ‘அகத்தார்’. புறத்தார் திரையில் தோன்றும்போது அவருடைய பேச்சு எவ்வாறு கையாளப்படுகிறது, அவர் சொல்லும் பொய் எவ்வாறு மதிப்பிடப்படுகிறது, கதையின் முடிவில் யார் யாருக்கு அறம் கற்பிக்கிறார் என்ற மூன்று வினாக்களும் இங்கு தேர்ந்தெடுத்த சில திரைப்படங்களின் வாயிலாக நோக்கப்படுகின்றன. அகதிகளாகப் புலம்பெயர்ந்தோரால் உருவான ரொறன்ரோத் தமிழ்ச் சமூகத்திலிருந்து நோக்கும்போது இவ்வினாக்கள் வெறும் கலை விமரிசனமாக அமைந்துவிடுவதில்லை.

1. நகையின் இலக்கணமும் மரபும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், நகை பிறக்கும் களன்களாக எள்ளலையும் இளமையையும் பேதைமையையும் மடனையும் கூறுகிறது. இந்நான்கனுள் எள்ளல் முதலில் வைக்கப்பட்டுள்ளது. எள்ளலை விளக்கும் பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுதல், பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் என அதனை இருவகையாகப் பகுத்துக் காண்பர். இப்பகுப்பு இன்றைய திரைப்பட ஆய்வுக்கும் பெரிதும் பயன்படுவதாகும். முதல் வகையில் நகுவோன் அகத்தான். நகைக்கு இலக்காவோன் புறத்தான். இரண்டாம் வகையிலோ எள்ளப்பட்டவனே நகுகிறான். அவன் நகைப்பில் தற்காப்பு உண்டு. சில வேளைகளில் தன்னை எள்ளியோரைப் பற்றிய தீர்ப்பும் உண்டு.

தமிழ் நாடக மரபில் புறத்தார் நெடுங்காலமாகவே இடம்பெற்று வந்துள்ளனர். தெருக்கூத்தின் கட்டியங்காரன் அரசனையும் அவையோரையும் ஒருங்கே கிண்டல் செய்யும் உரிமை பெற்றவன். எனினும் அவ்வுரிமை கூத்து நடைபெறும் இரவோடு முடிவடைந்துவிடும். நொண்டி நாடகம் என்னும் சிற்றிலக்கிய வகையிலோ புறத்தானே தலைவனாகிறான். பரத்தையரிடம் பொருளை இழந்து, களவிற் புகுந்து, குதிரை திருடப்போய்ப் பிடிபட்டுக் காலை இழந்த கள்வன் ஒருவன், தன் வாழ்க்கையைத் தானே நகைச்சுவைபடச் சொல்லி, இறைவனருளால் இழந்த உறுப்பைத் திரும்பப் பெறுவதே அதன் கதைப்போக்கு. சீதக்காதி நொண்டி நாடகத்தில் மக்கா நகர்ப் பயணம் அம்மீட்சிக்கு வழியாகிறது.

நொண்டி நாடகத்தின் அற அமைப்பு தெளிவானது. தவறு செய்தவன் புறத்தான். திருந்த வேண்டியவனும் அவனே. அகத்தாரின் உலகம் தொடக்கத்தில் எவ்வாறு இருந்ததோ முடிவிலும் அவ்வாறே இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் திரைப்படம் இம்மரபைப் பெற்றுக்கொண்டபோது இவ்வமைப்பே முதலில் கேள்விக்குள்ளாயிற்று.

2. கிந்தனார்: திசை மாறிய எள்ளல்

கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில், சி. என். அண்ணாதுரையின் கதை வசனத்துடன் 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ திரைப்படத்தில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் கிந்தனார் காலட்சேபம் இடம்பெற்றது. நந்தனார் சரித்திரத்தின் கதாகாலட்சேப வடிவத்தை எதிரொலித்து அமைந்த நகைச்சுவை நிகழ்ச்சி அது. நந்தன் சிதம்பர தரிசனத்துக்கு ஏங்கியது போலக் கிந்தன் கல்விக்கு ஏங்குகிறான். நந்தன் தீயில் மூழ்கித் தூய்மை பெறுகிறான். கிந்தனோ புகைவண்டியேறி நகரம் சென்று படித்து உயர்கிறான்.

இங்கு எள்ளலின் திசை மாறியிருப்பது நோக்கத்தக்கது. ஒடுக்கப்பட்ட சாதியிற் பிறந்த சிறுவன் நகைக்கு இலக்காகவில்லை. அவனுக்குக் கல்வியை மறுத்த ஒழுங்கே இலக்காகிறது. பக்தி மரபின் புனிதமான ஒரு கதை வடிவத்தை எடுத்து, அதன் உள்ளீட்டை மாற்றியதனால், நந்தன் கதையில் அகத்தார் இழைத்த அநீதி அருளின் பெயரால் மறைக்கப்பட்டிருந்தமை சிரிப்பின் ஊடே வெளிப்படுகிறது. நொண்டி நாடகத்தில் திருந்த வேண்டியவன் கள்வன். கிந்தனார் காலட்சேபத்தில் திருந்த வேண்டியது ஊர்.

எனினும் இவ்வழி தொடர்ந்து பின்பற்றப்படவில்லை. பின்னாளில் வணிகத் திரைப்படங்களில் முதன்மைக் கதையிலிருந்து ஓரளவு பிரிந்து நிற்கும் தனி நகைச்சுவைப் பகுதி நிலைபெற்றபோது, உழைக்கும் எளிய மனிதர் பலர் அப்பகுதிக்குள் ஒதுக்கப்பட்டனர். 1989இல் கங்கை அமரன் இயக்கத்தில் வெளிவந்த ‘கரகாட்டக்காரன்’ திரைப்படத்தின் கவுண்டமணி–செந்தில் காட்சிகள் தலைமுறை கடந்து மக்கள் நினைவில் நிற்பவை. ஊர் ஊராகச் சென்று ஆடிப் பிழைக்கும் கலைஞர் குழுவே அப்படத்தின் களம். நாயகனின் துயரத்தில் அக்குழுவின் சமூக நிலை கனிவோடு காட்டப்படுகிறது. நகைச்சுவைப் பகுதியிலோ வலியவன் எளியவனை ஏசுவதும் அடிப்பதுமே சிரிப்பின் ஊற்றாகின்றன. ஒரே குழுவின் இழிநிலை ஓரிடத்தில் இரக்கத்துக்கும் மற்றோரிடத்தில் எள்ளலுக்கும் உரியதாவதை இங்கு காண்கிறோம். ஆயினும் செந்திலின் பாத்திரம் அடிவாங்கியபின்னும் தன் தருக்கத்தை விட்டுக்கொடுக்காது நிற்பது, எள்ளப்பட்டவன் நகும் இரண்டாம் வகையின் எச்சமாகக் கொள்ளத்தக்கது.

3. பேச்சு என்னும் எல்லைக்கோடு

தோற்றத்தாலும் மொழியாலும் வேறுபடாத ஒருவனைப் புறத்தானாகக் காட்டுவதற்குத் தமிழ்த் திரைப்படம் கையாளும் முதன்மையான உத்தி வட்டார வழக்கு ஆகும். ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) திரைப்படத்தில் கமல்ஹாசன் ஏற்ற நான்கு வேடங்களுள் சமையற்காரர் காமேஸ்வரன் பாலக்காட்டு வழக்கில் பேசுகிறார். அப்பேச்சே அவருடைய வெள்ளை உள்ளத்தின் அடையாளமாகிவிடுகிறது. வழக்கு வேறுபாடு இங்கு இழிவுபடுத்தவில்லை. எனினும் அது குழந்தைத்தனத்தோடு இணைத்துக் காணப்படுகிறது. தொல்காப்பியர் கூறிய இளமையும் மடனும் இவ்வாறு பேச்சின் மேல் ஏற்றப்படுகின்றன.

இதற்கு மாறான ஓர் அமைப்பை இலங்கைத் தமிழ் நகைச்சுவை மரபிற் காணலாம். இலங்கை வானொலியில் பெரும் வரவேற்புப் பெற்ற ‘கோமாளிகள் கும்மாளம்’ என்ற தொடர் நாடகம், எஸ். ராமதாசின் எழுத்தில், எஸ். ராமநாதன் இயக்கத்தில், 1976இல் ‘கோமாளிகள்’ என்ற பெயரில் திரைப்படமாயிற்று. மரிக்காராக எஸ். ராமதாசும், அப்புக்குட்டியாக ரி. ராஜகோபாலும், உபாலியாக எஸ். செல்வசேகரனும், ஐயராக பி. எச். அப்துல் ஹமீதும் நடித்தனர். முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், பிராமணத் தமிழ் ஆகிய நான்கும் அதில் மோதிக் கலந்தன. ஒருவர் பேச்சு மற்றவருக்கு நகைப்பாயிற்று. ஆயினும் எந்தப் பேச்சும் அளவுகோலாக நிற்கவில்லை. எல்லாரும் எல்லாருக்கும் புறத்தார் ஆகையால் அங்கு அகத்தார் என ஒருவர் இல்லை. நடிகர் தம் சமூகத்துக்கு அப்பாற்பட்ட பாத்திரங்களை ஏற்றமையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது: ராமதாஸ் மரிக்காராகவும் அப்துல் ஹமீது ஐயராகவும் மாறினர். அத்திரைப்படம் வெளிவந்த மறு ஆண்டே, 1977இல், இலங்கையில் இனக்கலவரம் மூண்டது. நால்வரும் ஒரே அறையில் நின்று சிரிக்கும் காட்சிக்குரிய சமூகச் சூழல் அதன்பின் சுருங்கிக்கொண்டே சென்றது.

ஈழத்து மேடையில் கே. எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைற்’ என்ற தனிநடிப்பும் இம்மரபைச் சேர்ந்ததே. பேருந்து நடத்துநர் ஒருவரின் குரலில், பயணிகளின் இயல்புகளையும் பேச்சுகளையும் தனி ஒருவராய் நின்று அவர் எழுப்பிக் காட்டினார். பின்னர் கனடாவுக்குப் புலம்பெயர்ந்த அவர் 2014இல் மறையும்வரை இங்கு நாடகத்திலும் திரைப்படத்திலும் ஈடுபட்டிருந்தார். யாழ்ப்பாணத்துப் பேருந்து ஒன்றின் ஓசை ரொறன்ரோ மண்டபங்களை அடைந்தது இவ்வாறே. அந்த நகைச்சுவை தன்னவரைத் தன்னவர் பேச்சிலேயே நகைப்பது. வேறொருவர் செவிக்கு அப்பேச்சு எவ்வாறு ஒலிக்கும் என்ற கவலை அதற்கு இல்லை.

4. ‘தெனாலி’: அச்சமும் நகைப்பும்

அக்கவலை எழுந்த இடம் தமிழகத் திரை. கே. எஸ். ரவிக்குமார் இயக்கத்தில், கிரேசி மோகன் வசனத்தில் 2000ஆம் ஆண்டு வெளிவந்த ‘தெனாலி’ திரைப்படத்தில் கமல்ஹாசன் ஈழத்தமிழ் அகதியாக நடித்தார். எதைக் கண்டாலும் அஞ்சும் மனநோயாளியான தெனாலி, தன் மருத்துவரைத் தேடிக் கொடைக்கானலுக்குச் செல்கிறான். மருத்துவரின் குடும்பம் அவனை விரும்பத் தொடங்க, மருத்துவரின் மனநிலை குலையத் தொடங்குகிறது. 1991இல் வெளிவந்த ‘வாட் அபவுட் பாப்?’ என்ற ஹாலிவுட் திரைப்படத்தின் கதைப்போக்கை இது பெரிதும் ஒத்துள்ளது. ஆனால் அமெரிக்க நோயாளியின் அச்சங்களுக்கு வரலாறு இல்லை; தெனாலியின் அச்சங்களுக்கு வரலாறு உண்டு. போர் அவற்றின் வேர்.

இவ்வேறுபாடே இத்திரைப்படத்தின் அறச் சிக்கலையும் தோற்றுவிக்கிறது. கண்டதற்கெல்லாம் அஞ்சுபவனைப் பார்த்துச் சிரிப்பது எளிது. குண்டுவீச்சில் தப்பியவன் அஞ்சுவதைப் பார்த்துச் சிரிப்பது எளிதன்று. படம் முதலில் நம்மைச் சிரிக்க வைத்து, பின்னர் அச்சத்தின் காரணத்தைக் கூறி, சிரித்தமைக்காகச் சற்றே நாணவும் வைக்கிறது. அந்நாணம் நீடிப்பதற்குள் கதை மீண்டும் நகைச்சுவைக்குத் திரும்பிவிடுகிறது. மேலும், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் எனப் பல வழக்குகளாகப் பிரிந்து வழங்கும் பேச்சு, படத்தில் ‘இலங்கைத் தமிழ்’ என்ற ஒற்றைப் பேச்சாகிவிடுகிறது.

1991 மே 21இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதன் பின் தமிழகத்தில் ஈழத்தமிழ்ப் பேச்சு ஐயத்துக்குரிய அடையாளமாக மாறியிருந்தது. வாடகை வீடு தேடுவோரும் காவல் நிலையத்திற் பதிவுக்குச் செல்வோரும் தம் பேச்சை மாற்றிக்கொள்ளப் பழகினர். அத்தகைய காலத்தில் அப்பேச்சைப் புகழ்பெற்ற நாயகர் ஒருவர் படம் முழுவதும் பேசியமை, ஐயத்தைத் தணித்து அன்பைத் தேடித்தந்த செயல் என்பதை மறுத்தல் இயலாது. அதே வேளை, ஐயத்துக்குரியது நகைப்புக்குரியதாக மாறியதேயன்றி இயல்பானதாக மாறவில்லை. ரொறன்ரோ போன்ற நகரங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, வீட்டில் அப்பம்மாவும் அம்மாவும் பேசும் பேச்சு தமிழகத் திரையில் முதன்முதலாகப் பெரிய அளவில் ஒலித்தது ஒரு மனநோயாளியின் வாயிலாகவே. எள்ளலுக்கும் ஏற்புக்கும் இடைப்பட்ட இந்நிலையே ‘தெனாலி’ விட்டுச்சென்ற மரபு எனலாம்.

5. பொய்யின் அறம்

புறத்தாரைப் பற்றிய நகைச்சுவைத் திரைப்படங்களிற் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு பொய்யின் மீது கட்டப்பட்டவை. ‘தில்லு முல்லு’ (1981), ‘கோல்மால்’ (1979) என்ற இந்தித் திரைப்படத்தின் தமிழ் வடிவம். கே. பாலச்சந்தர் இயக்கிய இப்படத்தில், வேலை தேடும் இளைஞன் முதலாளியின் விருப்பு வெறுப்புகளுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக் காட்டுகிறான். குட்டு வெளிப்படும் நிலையில், மீசையில்லாத இரட்டைச் சகோதரன் ஒருவன் தனக்கு இருப்பதாகப் பொய்மேற் பொய் அடுக்குகிறான். முதலாளியோ ஒழுக்கத்தில் கண்டிப்பானவர். ஆனால் அவ்வொழுக்கம் மீசையாலும் உடையாலும் அளக்கப்படுவது. வேலையற்றவனின் பொய்யைவிட அவ்வளவுகோலின் பொய்ம்மையே பெரிது என்பதைப் படம் சிரிப்பின் வழியே உணர்த்துகிறது.

‘அவ்வை சண்முகி’ (1996) இன்னும் ஒருபடி மேற்செல்கிறது. கே. எஸ். ரவிக்குமார்–கிரேசி மோகன் கூட்டணியில் உருவான இத்திரைப்படத்தில் நாயகன் மகளோடு இருப்பதற்காகப் பெண்வேடம் புனைவது முதன்மைக் கதை. 1993இல் வெளிவந்த ‘மிசஸ் டவுட்ஃபயர்’ என்ற ஹாலிவுட் திரைப்படத்தின் தழுவல் அது. ஆனால் மூலத்தில் இல்லாத ஒரு கிளைக்கதை இங்கு உண்டு. நாசர் ஏற்ற பாஷா என்ற இஸ்லாமியர், தொழிலால் இறைச்சி வெட்டுபவர், விசுவநாத ஐயர் வீட்டில் பிராமணச் சமையற்காரராக நடிக்கிறார். அதற்காக ஊமையாகவும் நடிக்கிறார். பேசினால் பேச்சே காட்டிக்கொடுத்துவிடும் என்பதே காரணம். அவர் தொழுகையில் இருக்கும்போது உண்மை வெளிப்படுகிறது. முடிவில் ஐயர் அவரை ஏற்றுக்கொள்கிறார். ஏமாற்றியவர் பாஷா ஆயினும், தம்மை மாற்றிக்கொள்ள வேண்டியவர் ஐயரே என்பதில் படத்துக்கு ஐயமில்லை. கிந்தனாரில் தொடங்கிய திசைமாற்றம் இங்கு மீண்டும் தோன்றுகிறது.

வள்ளுவர் வாய்மையை வரையறுக்கும்போது, சொல் உள்ளபடி அமைதலை அளவாகக் கொள்ளவில்லை. பிறர்க்குத் தீமை பயவாமையையே அளவாகக் கொண்டார். குற்றமற்ற நன்மை விளையுமிடத்துப் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பதும் அவர் கருத்து. நகைச்சுவைத் திரைப்படம் இவ்வரையறையை அறிந்தோ அறியாமலோ நடைமுறையிற் பின்பற்றுகிறது. பசிக்காகப் பொய்யுரைப்பவனை அது மன்னிக்கிறது. பொறாமையால் பொய்யுரைப்பவனை மன்னிப்பதில்லை. ‘முன்னாபாய் எம்.பி.பி.எஸ்.’ (2003) என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவமான ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ (2004) படத்தில், பொய்யான வழியில் மருத்துவக் கல்லூரிக்குள் நுழையும் அடியாள், நோயாளியைத் தொட்டுப் பேசும் மனிதப் பண்பை அந்நிறுவனத்துக்கு நினைவூட்டுகிறான். அவன் சேர்க்கை போலி. அவன் பரிவு போலியன்று. நிறுவனத்தின் சான்றிதழ் உண்மை. அதன் பரிவோ ஐயத்துக்குரியது.

6. கரையேறியவரும் குடியிருப்பாரும்

2025 மே 1இல் வெளிவந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’, மேற்கூறிய இழைகள் அனைத்தையும் ஒன்று சேர்க்கிறது. அபிஷன் ஜீவிந்தின் முதல் திரைப்படமான இதில் சசிகுமாரும் சிம்ரனும் தர்மதாஸ், வசந்தி என்ற ஈழத்தமிழ்த் தம்பதியராக நடித்தனர். இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் வாழ வழியற்று, இரு மகன்மாரோடு படகேறி இராமேசுவரத்திற் கரையேறும் குடும்பம், வசந்தியின் தமையனாரின் உதவியோடு சென்னைக் குடியிருப்பொன்றில் மறைந்து வாழ முற்படுகிறது. அயலாரோடு பேசக்கூடாது, பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்பதே அவர்களுக்கு இடப்படும் முதற் கட்டளை. ‘அவ்வை சண்முகி’ பாஷாவின் ஊமை வேடம் இங்கு ஒரு குடும்பம் முழுவதற்கும் விதிக்கப்படுகிறது.

ஆனால் தர்மதாசால் பேசாதிருக்க முடிவதில்லை. ஒருவரையொருவர் அறியாது கதவடைத்து வாழ்ந்த குடியிருப்பில், அண்டை வீட்டு முதியவளின் மரணத்தின்போது அனைவரையும் ஒன்று கூட்டுபவர் அவரே. அயலார்க்கு அயலாராக இருத்தல் என்ற எளிய அறத்தைச் சட்டப்படி அங்கிருக்க உரிமையற்ற ஒருவர் கற்பிக்கிறார். காவற்றுறை அவர்களைத் தேடி வரும்போது குடியிருப்பார் அக்குடும்பத்தின் பக்கம் நிற்கின்றனர்.

இக்கதையின் சட்டப் பின்னணி கவனத்துக்குரியது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் இந்தியா கைச்சாத்திடவில்லை. அச்சாசனத்தின்படியும் இன, சமய, தேசிய, அரசியற் காரணங்களாலோ குறித்த சமூகக் குழுவொன்றைச் சேர்ந்தமையாலோ துன்புறுத்தலுக்கு அஞ்சி வெளியேறியவரே அகதி. வறுமையால் வெளியேறியவர் அவ்வரையறைக்குள் அடங்குவது அரிது. ஆகவே தர்மதாஸ் குடும்பத்துக்கு எந்தச் சட்டத்திலும் உறுதியான இடமில்லை. சட்டம் விட்ட இடைவெளியில் அயலாரின் மனச்சான்று எவ்வளவு தாங்கும் என்பதே படம் நகைச்சுவையாக எழுப்பும் வினா.

இவ்வினா கனடாவுக்குப் புதியதன்று. 1986 ஆகஸ்ட் மாதத்தில் நியூஃபவுண்லாந்துக் கடற்பரப்பில் இரு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை உள்ளூர் மீனவர் காப்பாற்றினர். இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் முதலிற் கூறினர். மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேறியமை பின்னர் வெளிப்பட்டது. அப்பொய் பத்திரிகைகளிலும் பொதுமக்களிடையேயும் சினத்தைக் கிளப்பியது. ஆயினும் அவர்கள் திருப்பி அனுப்பப்படவில்லை. அதே ஆண்டு, அகதிகளுக்கு ஆற்றிய பணிக்காக ஐக்கிய நாடுகளின் நான்சன் பதக்கம் கனடிய மக்கள் அனைவருக்குமாக வழங்கப்பட்டது. ஒரே ஆண்டிற் பொய்யுரைத்தோர் மீதான சினமும் புகலளித்தோர்க்கான பதக்கமும் நிகழ்ந்தமை, மேலே திரைப்படங்களிற் கண்ட அறச் சிக்கல் வாழ்க்கையிலும் அவ்வாறே அமைந்திருந்ததைக் காட்டுகிறது.

2010 ஆகஸ்டில் ‘சன் சீ’ கப்பலில் 492 தமிழர் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையை அடைந்தபோது சூழல் மாறியிருந்தது. அவர்கள் தடுத்து வைக்கப்பட்டனர். ஒழுங்கற்ற முறையில் திரளாக வருவோரைக் கடுமையாக நடத்தும் சட்டத் திருத்தம் 2012இல் நிறைவேறியது. ‘வரிசையைத் தாண்டி வந்தோர்’ என்ற சொல் பொதுவெளியிற் பரவியது. ரொறன்ரோத் தமிழரிடையே பலர் வந்தோருக்காகக் குரல் கொடுத்தனர். தாமும் அவ்வாறே வந்தோம் என்ற நினைவு அக்குரலுக்கு வலுவூட்டியது.

7. நல்ல அகதியின் சுமை

ஸ்காபரோவில் வூட்சைட் போன்ற திரையரங்குகளில் தமிழ்ப் படம் பார்ப்போருக்கு ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ தரும் நிறைவு எளிதில் விளங்கக்கூடியது. ஒளிக்கவேண்டியிருந்த பேச்சு அங்கே அன்பின் பேச்சாகிறது. ‘தெனாலி’ வெளிவந்து இருபத்தைந்து ஆண்டுகளின் பின் ஈழத்தமிழர் நோயாளியாக அன்றி நோய் தீர்ப்பவராகத் திரையில் வருகிறார். ஆயினும் இந்நிறைவின் விலை என்ன என்பதையும் வினவுதல் ஆய்வின் கடமையாகும்.

தர்மதாஸ் ஏற்கப்படுவது அவர் மனிதர் என்பதனாலன்று. மிகமிக நல்ல மனிதர் என்பதனால். அவர் யாரிடமும் கடுகடுப்பதில்லை. உதவி கேட்குமுன் உதவுகிறார். பாஷா நல்ல சமையற்காரர், நல்ல மனிதர், எனவே ஏற்கப்படுகிறார். கிந்தனும் படித்து உயர்ந்தபின்னரே மதிக்கப்படுகிறான். நொண்டி நாடகத்துக் கள்வன் திருந்தியபின்னரே காலைப் பெறுகிறான். நூற்றாண்டுகள் கடந்தும் மாறாத நிபந்தனை ஒன்று இவற்றினூடே ஓடுகிறது: அகத்தார் சாதாரணமாக இருக்கலாம், புறத்தார் சிறந்தவராக இருத்தல் வேண்டும். சினமுற்ற அகதி, சோம்பிய அகதி, நன்றி மறந்த அகதி ஆகியோருக்கு இந்நகைச்சுவையில் இடமில்லை. அத்தகைய குணங்கள் குடியிருப்பின் மற்றைய வீடுகளில் தாராளமாக உள்ளன; அங்கு அவை நகைச்சுவைக்குரிய குறைகளாகப் பொறுத்துக்கொள்ளப்படுகின்றன.

இதற்கு மாறான ஓர் உலக எடுத்துக்காட்டு உண்டு. சார்லி சாப்ளினின் ‘தி இமிகிரண்ட்’ (1917) என்ற குறும்படத்தில் வரும் நாடோடி, குடிவரவு அதிகாரியைப் பின்புறமாக உதைக்கிறான். உணவுக்குக் கொடுக்கப் பணமில்லாமல் தந்திரம் செய்கிறான். அவன் பார்வையாளரின் அன்பைப் பெறுவது நற்குணத்துக்கான பரிசாக அன்று. அவனுக்குப் பசிக்கிறது, அது போதும். அவனைப் படைத்த சாப்ளினே 1952இல் அமெரிக்காவுக்குள் மீளும் உரிமையை இழந்தார் என்பது, திரை அளித்த மன்னிப்பை அரசு அளிப்பதில்லை என்பதற்குச் சான்று.

ரொறன்ரோவைப் பொறுத்தவரை இது நாள்தோறும் எழும் வினா. 1980களிலும் 1990களிலும் வந்தோர் இன்று வீட்டுரிமையாளராகவும் தொழில் வழங்குநராகவும் உள்ளனர். புதிதாக வந்து நிலவறையில் வாடகைக்குக் குடியிருக்கும் மாணவனுக்கும், புகலிடம் கோரிக் காத்திருக்கும் குடும்பத்துக்கும் அவர்களே அகத்தார். இப்போது வருபவர் உண்மையான அகதிகள் அல்லர், உண்மையைச் சொல்லி வருவதில்லை என்ற பேச்சு, நாற்பது ஆண்டுகளுக்கு முன் அவர்களைப் பற்றி எழுந்த பேச்சின் மறுபதிப்பே. ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ பார்க்கும் ரொறன்ரோத் தமிழர் தர்மதாசின் இடத்திலேயே தம்மை வைத்துப் பார்ப்பது இயல்பு. படம் உண்மையில் அவர்முன் வைக்கும் இடமோ குடியிருப்பாரின் இடமாகும்.

முடிவுரை

தமிழ் நகைச்சுவை மரபில் புறத்தாரின் நிலை நேர்கோட்டில் முன்னேறி வரவில்லை. நொண்டி நாடகம் புறத்தானைத் திருத்தியது; கிந்தனார் காலட்சேபம் ஊரைத் திருத்த முனைந்தது; பிற்காலத் தனி நகைச்சுவைப் பகுதி மீண்டும் எளியவனை இலக்காக்கியது. ‘தெனாலி’ ஈழத்தமிழ்ப் பேச்சை நகைப்பின் வழியாக ஏற்புக்கு உரியதாக்க, ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ அதனை அறத்தின் பேச்சாக்கியது. இவற்றினூடே பொய் பற்றிய மதிப்பீடு பெரிதும் மாறாதிருப்பதைக் கண்டோம்: பிழைப்புக்காகப் புறத்தார் கூறும் பொய்யைவிட, அப்பொய்யைக் கூறவைத்த அகத்தாரின் வரையறைகளையே சிறந்த நகைச்சுவைப் படங்கள் விசாரணைக்கு உட்படுத்தியுள்ளன. மாறாதிருக்கும் மற்றொன்று, ஏற்கப்படுவதற்குப் புறத்தார் செலுத்த வேண்டிய நற்குணம் என்னும் விலை. இனிவரும் நகைச்சுவை மாற்ற வேண்டியது இதனையே.

அதற்கான முன்மாதிரி வெளியே தேடப்பட வேண்டியதன்று. ‘கோமாளிகள்’ திரைப்படத்தின் நால்வருள் எவரும் மற்றவரிடம் நற்சான்று கேட்கவில்லை. ‘அண்ணை றைற்’ நடத்துநரின் பேருந்தில் முணுமுணுப்பவரும், சண்டைக்காரரும், இடித்து ஏறுபவரும் ஒரே நெரிசலிற் பயணம் செய்கின்றனர். நடத்துநர் பயணச்சீட்டுக்கான காசைக் கேட்கிறார். பயணியின் குணத்தைக் கேட்பதில்லை. அப்பேருந்தைப் பற்றிச் சிரித்துச் சிரித்து ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த ஒரு சமூகம், தனக்குப் பின்னால் ஏறுவோரிடம் எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக்கூடாது என்பதை அந்நகைச்சுவையிலிருந்தே கற்றுக்கொள்ளலாம்.